ஐந்தறை கேஷ் டிராயருடன் நான்கு வருடம்

போன வாரம் எங்கள் கடைக் கல்லாப்பெட்டியின் ஸ்பிரிங் போய்விட்டது. பில் அடித்தால் 'டக்' என்று பூட்டு விடும் சத்தம் கேட்கும், டிராயர் வெளியே வராது. நகத்தால் நெம்பி இழுக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்ற வந்த தம்பி டிராயரை முழுசாக உருவி எடுத்தான். பின்தகட்டை ஒட்டி, விசிறி மாதிரி மடங்கிக் கிடந்தது ஒரு 500 ரூபாய் நோட்டு. பார்த்ததுமே எனக்கு நாள் தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. அன்றைக்குத்தான் ராத்திரி கணக்கில் எனக்கு 500 ரூபாய் துண்டு விழுந்தது.

திருமங்கலத்தில் கடை போடப்போகும் தோழி, "இதே மாதிரி டிராயர் வாங்கலாமாடி?" என்று கேட்டு ஒரு மாதமாகிறது. அவளுக்குச் சொல்ல வேண்டியதைப் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. மதுரையில் எங்கள் கடையில் தினமும் இருநூறு பில்லுக்கு மேல் போகும். நான்கு வருடத்தில் பூட்டு ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, நோட்டும் காசும் போடும் உள்தட்டை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம் என்பது. மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும்போது என் தட்டை நான் எடுத்துக்கொள்வேன், அடுத்தவள் சில்லறைக்கென்று முதலில் போட்டு வைக்கும் 2,000 ரூபாய் ஓப்பனிங்கோடு தன் தட்டை வைப்பாள். முன்பு ஒரே கல்லாவில் இரண்டு பேர் கை வைத்தோம். ராத்திரி கணக்கு இடித்தால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாது. அந்தக் கஷ்டம் இந்தத் தட்டால்தான் ஒழிந்தது.

ஆனால் நோட்டுக்கு ஐந்தே அறை. 500, 200, 100, 50, 20, 10 என்று நம்மிடம் புழங்குவது ஆறு வகை. காசுக்கோ எட்டுக் குழி. 1, 2, 5, 10, 20 என்று ஐந்து வகைதான் வருகிறது, மீதிக் குழிகளில் ரப்பர் பேண்டும் கிழிசல் நோட்டும் கிடக்கின்றன. வேறு வழியில்லாமல் பத்தையும் இருபதையும் ஒரே அறையில் போடுகிறோம். புது நோட்டில் இரண்டுக்கும் அகலம் ஒன்றே, 63 மில்லிமீட்டர். நீளத்தில் வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது விரலுக்கு அது எங்கே தெரியும்? பத்து பத்தாகத் துண்டு விழும் நாட்களெல்லாம் இந்த அறையின் வேலை.

ராத்திரி கணக்கு முடிக்கிற விதம் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். ஓப்பனிங்கோடு கேஷ் பில்லைக் கூட்டி, பால்காரருக்கும் லோடுமேனுக்கும் கொடுத்ததைக் கழித்தால் வரும் தொகை பெட்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் குறைகிற தொகைக்குச் சரியாக ஒரு பில் இருக்கிறதா என்று பார்ப்பேன். கேஷ் என்று அடித்த பிறகு, "அக்கா, ஜிபே பண்ணிடுறேன்" என்பார்கள், மாற்ற மறந்திருப்போம். இப்போதெல்லாம் பாதித் துண்டு அதுதான். அடுத்து, துண்டு ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பேன். 540ஐ 450 என்று எழுதினாலும், இருபதென்று நினைத்து இருநூறைக் கொடுத்தாலும், வித்தியாசம் ஒன்பதில் மீதியில்லாமல் போகும். 90, 180, 450 என்று துண்டு வந்தால் எங்கே தேடுவது என்று கைக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை இது எதுவும் உதவவில்லை. ஐந்நூறுக்குப் பில் இல்லை. ஒன்பதிலும் வகுபடவில்லை. மூன்று தடவை எண்ணினேன், குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தேன். பண்டிகைக் கூட்டத்தில் 500 அறை வழிய வழிய நிறைந்திருந்தது. உள்தட்டுக்குப் பின்பக்கம் ஒரு விரல் உயரம்கூடத் தடுப்பு இல்லை. டிராயரைத் தள்ளி மூடியபோது மேல் நோட்டு பின்னால் சரிந்திருக்கிறது. அண்ணாச்சி திட்டவில்லை. "பார்த்துக் கொடுத்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். நான் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன் என்றே இத்தனை நாளும் எல்லாரும் நம்பினார்கள். எனக்கே சந்தேகம் இருந்தது.

நோட்டைக் காட்டியதும், "உன் காசுதாம்மா, எடுத்துக்கோ" என்று அண்ணாச்சி அங்கேயே கொடுத்துவிட்டார். அந்த மடிப்பை நீவி நீவிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால், தோழி, இந்த டிராயரை வாங்காதே. உள்தட்டு அருமை, பூட்டு அருமை, நான்கு வருடம் உழைத்திருக்கிறது, எல்லாம் உண்மை. இருந்தாலும் வாங்காதே. ஆறு அறை உள்ளதாகத் தேடு. கடையில் போய்ப் பார்க்கும்போது தட்டை வெளியே எடுத்து, பின் விளிம்பில் தடுப்பு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார். எங்கள் பெட்டிக்கு நேற்று நானே கெட்டி அட்டை வெட்டி டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.