பெடல் உள்ளதா, இல்லாததா: பதிவு கேட்காத இரண்டு மின்வண்டிகள்

பாளையங்கோட்டை வீட்டிலிருந்து திருநெல்வேலி டவுனில் உள்ள என் கடைக்கு எனக்கு 7 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி மகன் கைக்குப் போனதும், 14 மாதம் முன்பு 32,000 ரூபாய்க்கு ஓர் எலக்ட்ரிக் சைக்கிள் எடுத்தேன். அதே மாதம் மச்சினன் 55,000 கொடுத்து, லைசென்ஸ் கேட்காத சின்ன ஸ்கூட்டர் ஒன்றை எடுத்தான். "அத்தான், காசும் கொடுத்து காலையும் ஆட்டணுமாக்கும்?" என்று அன்றைக்குச் சிரித்தான். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் சைக்கிள் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். இவ்வளவையும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்று பார்த்துச் சான்று கொடுத்திருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகவே எண்ணாது. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். பெடல் மிதிக்கும்போது மோட்டார் துணைக்கு வருகிற சைக்கிள் என்றால், 25 வருவதற்குள் மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து நின்றுவிட வேண்டும், மிதிப்பதை விட்டாலும் நிற்க வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். கடையில் அந்தச் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த கடை.

"வயர் ஒன்றைக் கழற்றிவிட்டால் 40 போகும் சார்" என்பார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். வயர் கழன்ற நொடியில் உங்கள் கையில் இருப்பது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். போலீஸ் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு முழுக்க நம் பையிலிருந்துதான். அதுவும் பள்ளிப் பிள்ளை ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதம், பெற்றவருக்குச் சிறை வரைக்கும் சட்டம் இருக்கிறது. வேகம்தான் வேண்டும் என்றால் பச்சை நம்பர் பிளேட் வண்டி எடுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொகுசில் ஸ்கூட்டர்தான் மேல். முன்னால் அரிசிப் பை வைக்கலாம், சேலை கட்டியவரும் ஓட்டலாம், வேர்க்காது. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்தது பேட்டரிதான். மச்சினன் வண்டியில் இருப்பது 12 வோல்ட் லெட்-ஆசிட் ஐந்து, சேர்த்துத் தூக்கினால் 35 கிலோவுக்குக் குறையாது. மாடியில் குடியிருப்பவர் அதைக் கழற்றி மேலே கொண்டுபோக முடியாது, அதனால் சார்ஜ் போட வண்டி நிற்கிற இடத்துக்கே பிளக் பாயின்ட் வர வேண்டும். லெட்-ஆசிட்டுக்குக் காலியாகக் கிடப்பது ஆகாது. அவன் ஊருக்குப் போயிருந்த மூன்று வாரம் இறங்கிய பேட்டரியோடு வண்டியை அப்படியே போட்டுவிட்டான், தகட்டில் உப்புப் படிந்து ஒன்று படுத்துவிட்டது. ஐந்தும் வரிசையாக ஒன்றோடொன்று கோத்தவை என்பதால் ஒன்று படுத்தால் மற்ற நாலும் அதன் பாரத்தைச் சுமக்கும், அதை மட்டும் புதிதாக மாற்றினாலும் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடாது. 11-ஆம் மாதம் செட்டையே மாற்றினான், பழையதை எடைக்குப் போட்டது போக 12,000 ரூபாய். அதில் ஒரு நல்லதும் உண்டு: எந்த பேட்டரிக் கடையிலும் அது கிடைக்கும், என்னுடையது அப்படி இல்லை.

என் சைக்கிளில் 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர் லித்தியம். பூட்டைத் திறந்து உருவினால் டிபன் கேரியர் மாதிரி கையோடு வந்துவிடும். காலியான பேட்டரி முழுதாக ஏற, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும், எனவே மின்கட்டணத்தைப் பேசவே வேண்டாம். கம்பெனி 40 கிலோமீட்டர் என்றது, மிதித்துக்கொண்டே போனால் எனக்கு 27 வருகிறது. லித்தியத்தின் குணம் நேரெதிர்: நாள்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதில்லை, அரை மணி ஆறவிடுவேன். ராத்திரி தூங்கும்போது போடுவதும் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்வண்டி எரிந்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனதிலிருந்து வீட்டில் அது ஒரு சட்டம்.

அப்புறம், பேட்டரி வழியில் தீர்ந்தால்? எனக்கு இரண்டு முறை ஆனது. ஒரு முறை சுலோச்சன முதலியார் பாலம் தாண்டியதுமே தீர்ந்து, ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில் 20 கிலோ சைக்கிளை மூச்சு வாங்க மிதித்தேன், ஆனாலும் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்கூட்டர் அங்கே நின்றிருந்தால் தள்ளத்தான் வேண்டும்.

மற்ற பராமரிப்பு தெருமுனை சைக்கிள் கடையிலேயே முடிகிறது. பஞ்சர், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய். பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் அந்தக் கம்பிகள் சீக்கிரம் தளரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பின் பஞ்சர் என்றால் மோட்டார் வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைக் கழற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நான் ஒரு நாள் டீ குடிக்கப் போய் 600 ரூபாய் தண்டம் கட்டினேன். மழையில் ஓட்டுகிறேன், ஆனால் சக்கரத்தின் அச்சு முங்குகிற தண்ணீரில் இறங்குவதில்லை.

விற்பதென்றால் இரண்டுக்கும் ஆர்.சி. கிடையாது, பில்தான் அத்தாட்சி, அதனால் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம்.

என் பேட்டரிக்கு இன்னும் வயசாகவில்லை. மூன்றாம் வருடம் அது எப்படி இருக்கும் என்பதற்கு என் 14 மாத ஓட்டம் சாட்சியாகாது. மச்சினன் கட்டிய செலவு எனக்கும் ஒரு நாள் வரும், கொஞ்சம் தள்ளி வரும் என்பதுதான் என் கணக்கு. அதனால் வாங்கும்போதே இந்த பேட்டரி தனியாக என்ன விலை என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்: 11,500.