செடியின் நிழலை உடம்பில் விழவைக்க: 60 வாட் சிஓபி எல்இடி விளக்கு, ஒரு மதிப்பீடு

நாட்டுச் செடிகளின் நிழலை மனித உடம்பின் மேல் விழவைத்துப் படமெடுப்பவர்களுக்கு அறைக்குள் வேண்டியது வெயிலின் கூர்மை. அதை 60 வாட் சிஓபி (பல சிறு எல்இடிகளை ஒரே சிப்பில் நெருக்கி வைத்த) எல்இடி விளக்கு ஒன்றே கொடுத்துவிடும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸ் தேவையில்லை. கூடவே வரும் ரிஃப்ளெக்டரையும் (ஒளியை முன்னோக்கிக் குவிக்கும் கிண்ணம்) கழற்றிவிட வேண்டும்.

காரணம் வாட் அல்ல, ஒளி புறப்படும் இடத்தின் அகலம். இந்த விளக்குகளில் மஞ்சள் சிப் ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். அந்த அகலத்தை, செடிக்கும் உடம்புக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் செடிக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் நிழல் விளிம்பின் மங்கல் கிடைக்கும். விளக்கு செடியிலிருந்து 2 மீட்டர், செடி உடம்பிலிருந்து 30 செ.மீ. என்றால் மங்கல் 3 மி.மீ. வெயிலிலும் இதே அளவுதான் வரும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் வைத்தால் அதுவே 9 செ.மீ. ஆகிவிடும், நிழல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

எருக்கு போன்ற பெரிய இலைக்கு 3 மி.மீ. மங்கல் அழகுதான். நெல்லிக்கு ஒத்துவராது. அதன் இலை அகலமே சில மில்லிமீட்டர். கொத்து முழுவதும் ஒரே சாம்பல் பட்டையாகிவிடும். கிளையைத் தோளிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். மங்கல் 1 மி.மீ.க்கு இறங்கி, ஒவ்வோர் இலையும் தோலில் தனித்தனியாகத் தெரியும்.

ரிஃப்ளெக்டர் மாட்டினால் வெளிச்சம் கூடும், ஆனால் அதன் உட்சுவரிலிருந்து வரும் ஒளி விளிம்பைச் சுற்றி இரண்டாவது வெளிர் நிழலைப் போடும். கழற்றினாலும் ஒரு தொல்லை உண்டு: ஒளி நாலாபக்கமும் சிதறி, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி நிழலை வெளிறச் செய்யும். பக்கச் சுவரிலும் விளக்குக்குப் பின்னாலும் கறுப்புத் துணி கட்டுங்கள். அறையில் வேறு வெளிச்சம் கலக்கிறதா என்று பார்க்க, விளக்கை அணைத்து அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள்; அது முழுக்கக் கறுப்பாக வரவேண்டும்.

விளக்கின் முன் மாட்டும் ஃப்ரெனல் லென்ஸ் (வளைய வரிகள் கொண்ட தட்டை லென்ஸ்) இருந்தால் ஸ்பாட்டில், அதாவது ஒளியைக் குறுக்கிக் குவிக்கும் நிலையில், வைக்காதீர்கள். அப்போது லென்ஸின் முழு வட்டமும் ஒளிமூலமாகி நிழல் குழைந்துவிடும். ஒளியை விரிக்கும் ஃப்ளட் பக்கம் திருப்பினால்தான் கூர்மை. கோபோ (வடிவம் வெட்டிய தகடு) மாட்டும் ப்ரொஜக்டர் இணைப்பு இந்த வேலைக்கு வீண். உலோகத் தகட்டுக்காகச் செய்த அந்தச் சூடான இடுக்கில் உயிருள்ள இலை சுருண்டுவிடும்.

ரிஃப்ளெக்டர் இல்லாமல் முழு வெளிச்சத்தில் அபர்ச்சர் (லென்ஸ் துளை) 5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, ஷட்டர் 1/60 நொடி தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும். வெளிச்சம் ஏராளம் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். இதன் உண்மையான குறை இதுவே. 1/60இல் இலை நடுங்கினால் படத்தில் தெரியும், மின்விசிறியை நிறுத்துங்கள். டிம்மரை அடியோடு இறக்கினால் சில விளக்குகளில் படத்தில் கோடுகள் விழும். வெளிச்சம் குறைய வேண்டுமானால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். ஃபோகஸ் தோலின் மேல் இருக்கட்டும், இலையின் மேல் அல்ல. தோலில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் நிழலுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள் வெடிக்கும். துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். கருந்தோலில் நிழலின் வேறுபாடு குறைவாகத் தெரியும், ஆகவே ஒரு ஸ்டாப் கூடுதல் எக்ஸ்போஷர் (அதாவது இருமடங்கு ஒளி) கொடுங்கள்.

செடி விஷயத்தில் பலர் தவறுவது நேரத்தில். ஆவாரை இருட்டினால் இலையை மூடிக்கொள்ளும், நிழல் வெறும் குச்சியாக விழும். தொட்டியோடு பகல் வெளிச்சத்தில் வைத்திருந்து காலையில் எடுங்கள். உண்ணிச்செடியின் நிழலும் தொட்டாற்சிணுங்கியின் நிழலும் அருமையாக விழும், ஆனால் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நாட்டுச் செடி என்று தலைப்பிட்ட வரிசையில் அவற்றைச் சேர்ப்பது சரியல்ல. எருக்கை ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். முகத்துக்கு அருகே வைப்பதானால் ஒடிக்காமல் தொட்டிச் செடியாகவே வையுங்கள். எதிரே நிற்பவர் விளக்கை நேராகப் பார்க்காதபடி முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள்.