வேலூர் பக்கம் மாடல் கார் போட்டிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் வட்டாரத்தில் ஸ்கேல் மாடல் கார், அதாவது நிஜ வண்டியை அளவு மாறாமல் சின்னதாக்கிய கார், கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பாதிப் பேருக்கு மீதிப் பேரை நேரிலேயே தெரியும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபம் எடுத்து ‘ஹாபி எக்ஸ்போ, மாடல் கார் போட்டி’ நடத்துகிறேன் என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் விடுகிறாரே, அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பணத்தைவிட முக்கியம், மாடலைக் கொடுக்காதீர்கள். பெயரை இங்கே போடவில்லை, புகார் போயிருக்கிறது, அது ஒரு பக்கம் நடக்கட்டும். நடந்ததைப் படித்தாலே யார் என்று உங்களில் பலருக்குப் புரிந்துவிடும்.

போஸ்டர் என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. ஒரு மாடலுக்கு 600 ரூபாய் நுழைவுக் கட்டணம். மூன்று பிரிவு: கடையில் பாகம் பாகமாக வருகிற கிட்டை உள்ளது உள்ளபடி கட்டியது, கிட்டை மாற்றிக் கட்டியது, முழுக்கக் கையால் செய்தது. பூட்டிய கண்ணாடி அலமாரி, சென்னையிலிருந்து நடுவர்கள், ராத்திரிக்கு வாட்ச்மேன், பிரிவுக்கு ஒரு கோப்பை, முதல் பரிசுக்கு ரொக்கம் வேறு. பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகிறது. ரசீது கேட்டேன். “குரூப்ல பேரு போட்டுக்கிறேன் சார், அதான் ரசீது” என்று பதில். அந்த குரூப்பில் 24 மணி நேரத்தில் செய்தி தானாக அழிகிற செட்டிங் போட்டு வைத்திருந்தார்கள். போஸ்டர், விதிமுறை, கட்டியவர் பட்டியல் எல்லாம் மறுநாள் காணாமல் போய்விடும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு, இன்று கையில் இருப்பது அது மட்டும்தான்.

நான் கொடுத்தது அம்பாசிடர் மார்க் 2, 1962இல் வந்த மாடல், கறுப்பு நிறம், 1/24 அளவு. நிஜ வண்டி நாலேகால் மீட்டருக்கு மேல் நீளம், இந்த அளவில் 18 சென்டிமீட்டர் வரும். கிட் இல்லை. மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய ஸ்டைரின் பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் இழுத்து பாடி எடுத்தது. கிரில், பம்பர் எல்லாம் ஒட்டும் அலுமினிய ஃபாயில். சீட்டுக்குப் பேரணாம்பட்டில் தோல் வேலை செய்கிற நண்பர் கொடுத்த ஆட்டுத்தோல் துண்டு, அது 1/24க்கு ரொம்பத் தடிமன், பிளேடில் சீவிச் சீவித்தான் சீட் மாதிரித் தெரிந்தது. மேலே பித்தளைக் கம்பியில் சால்டர் வைத்த கேரியர். பெயின்ட் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். நம்ம ஊர் கோடையில் பத்து மணிக்கு மேல் லாக்கர் (சீக்கிரம் காய்கிற ஸ்ப்ரே பெயின்ட்) அடித்தால் துளி பாடியில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று உட்காரும், மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் கோத்து வெள்ளை பூக்கும். விடியற்காலையில்தான் அடிக்க முடியும். டிங்கரிங் ஷெட்டில் கிடைக்கிற, பெயின்ட் கரைக்கிற என்சி தின்னரை அப்படியே ஊற்றினால் ஸ்டைரின் உருகிப் பாளம் பாளமாக வெடிக்கும். இதையெல்லாம் தாண்டி வந்த கறுப்பு அது. கறுப்பு பாலிஷ் செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு விரல் பட்டாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

மண்டபத்துக்குப் போனால் கண்ணாடி அலமாரி ஒன்றுகூட இல்லை. பந்திக்குப் போடுகிற மேஜை, மேலே இலைக்கு அடியில் விரிக்கிற பேப்பர் ரோல், அதன்மேல் மாடல்கள். நடுவில் கயிறு கட்டவில்லை, ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டை இல்லை. பிள்ளைகள் வந்து தொடுவார்கள், கார் என்றால் உருட்டத்தானே செய்வார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன அக்ரிலிக் மூடியைப் போட்டு மூடினேன், “மூடி போட்டா ஜனங்களுக்கு சரியா தெரியாது, எடுத்துடுங்க சார்” என்று வந்து நின்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போட்டி இரண்டு நாள். ராத்திரி மாடலை வீட்டுக்கு எடுத்துப் போனால் தகுதி நீக்கம் என்று விதி, வாட்ச்மேன் இருக்கிறார் என்று உத்தரவாதம். மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், மூடி ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது, உள்ளே வண்டியின் கண்ணாடி நாலு பக்கமும் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது. முதலில் எனக்கே புரியவில்லை. மூடியை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்ததும் புரிந்தது. யாரோ கேரியரைப் பிடித்து வண்டியைத் தூக்கியிருக்கிறார்கள். கேரியர் கால் இரண்டு பிய்ந்து, முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் விரிசல். அதை மறைக்க ஃபெவிக்விக்கைத் தாராளமாக விட்டு ஒட்டி, ஈரம் காய்வதற்குள் மூடியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாடல் கட்டாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த வகைப் பசை சயனோஅக்ரிலேட். அது காயும்போது ஆவி கிளம்பும், அந்த ஆவி பக்கத்தில் உள்ள பரப்பில் போய் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். திறந்த இடத்தில் ஓரளவு கலைந்து போய்விடும். மூடிய பெட்டிக்குள் விட்டால் போக இடமில்லாமல் எல்லாவற்றின் மேலும் உட்காரும். அதனால்தான் மாடல்காரர்கள் கண்ணாடிப் பாகத்துக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை வைக்கிறார்கள், குயிக் பசையைக் கிட்டேயே கொண்டுபோவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தடயவியல் துறையில் கைரேகை எடுக்க இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள், பொருளை மூடிய பெட்டியில் வைத்துப் பசையைச் சூடாக்கினால் விரல் பட்ட இடத்தில் ரேகை வெள்ளையாக எழும்பும். என் கறுப்பு வண்டியின் கூரையிலும் பானெட்டிலும் அழகாக நாலு விரல், ஒரு கட்டைவிரல். போலீஸ் வேலையை அவர்களே எனக்காகச் செய்து வைத்துவிட்டார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடியின் உள்பக்கம் படிந்ததைத் துடைக்க வேண்டுமென்றால் கூரையை அறுத்தால்தான் முடியும்.

நடத்துகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இன்னா சார், ஒரு கம்பி விட்டுப் போச்சு, பசங்க ஒட்டிக் குடுத்துக்கிறாங்க, இதுக்குப் போயி இம்மாம் பேச்சா?” என்றார். வாட்ச்மேன் எங்கே என்றேன். மண்டபத்து வாட்ச்மேனைச் சொன்னாராம், அவர் வாசல் கேட்டைத்தான் பார்த்துக்கொள்வாராம், உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாதாம்.

சரி, தீர்ப்பாவது ஒழுங்காக நடக்கும் என்று இருந்தேன். சென்னை நடுவர்கள் வரவில்லை. ஸ்பான்சர் கடைக்காரரும் நடத்துகிறவரின் மச்சானும்தான் நடுவர்கள். வெளிநாட்டுப் போட்டிகளில், 1960களில் பிரிட்டனில் தொடங்கிய ஐபிஎம்எஸ் என்ற பிளாஸ்டிக் மாடல்காரர்கள் சங்கத்தின் கிளைகள் நடத்துவது போன்றவற்றில், நடுவர் மாடலைத் தொடமாட்டார், கையில் சின்ன டார்ச்சோடு குனிந்து பார்ப்பார், முதலில் அடிப்படை வேலை: ஒட்டின கோடு தெரிகிறதா, நாலு சக்கரமும் தரையில் உட்கார்கிறதா, பெயின்ட் சமமாக இருக்கிறதா, அப்புறம்தான் மற்றதெல்லாம். இங்கே மச்சான் கதவைத் திறந்து பார்த்தார். திறக்காத கதவையும் திறந்து பார்த்தார்.

கையால் செய்த பிரிவில் முதல் பரிசு எதற்குத் தெரியுமா? கடையில் வாங்கிய 1/18 டைகாஸ்ட் காருக்கு. டைகாஸ்ட் சேகரிப்பதில் ஒரு தப்பும் இல்லை, என் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அது உலோகத்தில் அச்சு வார்த்து ஃபேக்டரியில் செய்த பொருள். திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்க்ரூ, கம்பெனி பெயர் இருந்த இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறது. கதவு, டிக்கி, பானெட் எல்லாம் திறக்கிறது என்று நடுவர்கள் அசந்துபோனார்கள். பிரிவு மாறியிருக்கிறதே என்று கேட்டதற்கு மூன்று பிரிவையும் ஒன்றாக்கிவிட்டதாகச் சொன்னார்கள். எப்போது? “குரூப்ல போட்டோமே சார்.” அந்தச் செய்திதான் அழிந்துபோயிருக்குமே.

‘மக்கள் விருப்பம்’ என்று இன்னொரு கோப்பை. அதற்கு 20 ரூபாய் கூப்பன் வாங்கி ஓட்டுப் போட வேண்டும், ஒருவர் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். இதில் எனக்கு வயிறு எரிந்தது என் வண்டிக்காக இல்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் பையன் ஃபோம் ஷீட்டில் டவுன் பஸ் செய்து கொண்டுவந்திருந்தான். நம்ம பசங்க யூடியூப் பார்த்து அரசு பஸ் மினியேச்சர் செய்வார்களே, அந்த வகைதான், ஆனால் படிக்கட்டுத் தகடு, ஜன்னல் கம்பி, உள்ளே கண்டக்டர் சீட் வரைக்கும் இவன் வேலை வேறு ரகம். மாடல் பெரியது, மேஜையில் இடம் அதிகம் பிடிக்கிறது என்று அவனிடம் டபுள் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் ‘பஸ் கார் இல்லை’ என்று போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கூப்பன் ஓட்டில் மட்டும் வைத்திருந்தார்கள், ஏனென்றால் கூட்டம் அங்கேதான் நின்றது, கூப்பன் அங்கேதான் விற்றது. அவன் அப்பா தறி வேலை செய்கிறவர். “விடுண்ணா, அடுத்த தபா பாத்துக்கலாம்” என்று அவன் எனக்குச் சமாதானம் சொல்கிறான்.

கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள், சேதத்துக்கு ஒரு தொகை கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். அடுத்த போட்டியில் எனக்கு இலவச நுழைவு தருகிறாராம். பதிவு போட்டால் மானநஷ்ட வழக்கு என்று அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ். அதையும் சேமித்துவிட்டேன்.

ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்களுக்கு: ஜிபே விவரத்தையும் போஸ்டரையும் இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அந்த குரூப்பை நம்பி விட்டுவைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிவு செய்தும் பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நாலு பேர் ஒரே மாதிரிப் புகார் கொடுத்தால் ‘ஒரு கம்பி விட்டுப் போச்சு’ என்கிற பேச்சு எடுபடாது. வேறு யார் போட்டி நடத்தினாலும் சரி, மாடலை ஒப்படைக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பிரிவு, பொறுப்பாளர் பெயர், ராத்திரி யார் பார்ப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். நேர்மையாக நடத்துகிறவர் போட்டுக் கொடுப்பார், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது ஆம்பூர் பக்கம் என்று நேற்று புதுப் போஸ்டர் வந்திருக்கிறது. அதில் நடுவில் பெரிதாகப் போட்டிருக்கும் கறுப்பு அம்பாசிடர் என்னுடையது, முதல் நாள் காலையில் எடுத்த படம். என்னைக் கேட்கவில்லை. அதைப் பார்த்து நான் வருகிறேன் என்று நினைத்து யாரும் 600 ரூபாய் அனுப்பிவிட வேண்டாம், நான் அதில் இல்லை, அந்த வண்டியும் இப்போது அப்படி இல்லை.