"வயரிங் முழுசும் புதுசு பாஸ்" என்று சொன்னால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்

பினாங்கில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக இப்போது வயரிங் மாற்ற ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பட்டறையின் பெயரைப் போடமாட்டேன், யாரும் உள்பெட்டியில் வந்து கேட்கவும் வேண்டாம். விவகாரம் இன்னும் முடியவில்லை.

வண்டி அப்பாவுடையது. 1961 மோரிஸ் மைனர், 948 சிசி, ஒரு தோட்டத்துக் கிராணியிடம் வாங்கியது. அப்பா போன பிறகு மூன்று வருடம் ஷெட்டிலேயே கிடந்தது. எலி புகுந்து வயரைக் கடித்து, மேலே பின்னியிருந்த நூலெல்லாம் தொட்டால் பஞ்சு பஞ்சாக உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து தயாராகப் பின்னிய செட் வரவழைக்கலாம்தான், ஆனால் விலை, தபால், வரி, அதற்கு மேல் அதை மாட்டத் தெரிந்த ஆள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நண்பர் ஒருவர் சொன்னாரே என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கேதான் சனி பிடித்தது.

பட்டறைக்காரருக்கு வாய் சர்க்கரை. "மற்ற கடையிலே கிளிப்பை நசுக்கி விட்டுடுவான் பாஸ், நாங்க ஒவ்வொரு மூட்டுக்கும் ஈயம் வைப்போம், உங்க பேரன் காலம் வரைக்கும் அசையாது" என்றார். கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? உருக்கி ஊற்றினால் உறுதி, நசுக்கினால் கழன்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2,400 வெள்ளி பேசி, 1,500 முன்பணம் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு "வாட்ஸ்அப்பில் இருக்கே பாஸ்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன், முட்டாள்தனம். பன்னிரண்டு நாளில் வண்டி வந்தது. புது டேப், நேர்த்தியாகச் சுற்றியிருந்தார்கள், பார்க்கவே அழகு. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஒரு டிப்ஸும் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரமே இண்டிகேட்டர் தன் இஷ்டத்துக்கு மின்ன ஆரம்பித்தது. கொண்டுபோனேன், எதையோ அசைத்துவிட்டு அனுப்பினார். அடுத்து பிரேக் லைட். அதற்கு "பல்பு" என்று சொல்லி 80 வெள்ளி. அப்புறம் டுரியான் காலம் வந்தது. பாலிக் பூலாவ் போய், பின் சீட்டில் ஒரு கூடைப் பழத்தோடு ராத்திரி துன் சார்டோன் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சாலையின் வளைவுகள் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன் லைட் மங்கிக்கொண்டே வந்து மெழுகுவர்த்தி மாதிரி ஆனது. ரப்பர் கருகும் வாடை எப்போதோ வந்திருக்க வேண்டும், டுரியான் வாடையில் எங்கள் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் புகை வந்ததை என் மகள்தான் முதலில் பார்த்தாள். ஓரங்கட்டி, பேட்டரி வயரைக் கழற்றி, இருட்டில் அப்படியே நின்றோம்.

மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் ஒரு பெரியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் லாரிகளுக்கு வயர்மேன். எதையும் பிரிப்பதற்கு முன்னால் மீட்டரை எடுத்தார். கருகிய இடத்தைத் தற்காலிகமாக ஒட்டிவிட்டு லைட்டைப் போடச் சொல்லி, பேட்டரியில் எர்த் ஆகாத, அதாவது வண்டி உடம்போடு சேராத முனையில் ஒரு ஊசி, லைட்டுக்குப் போகும் வயரின் கடைசியில் இன்னொரு ஊசி. 3.1 வோல்ட் காட்டியது. "அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும் தம்பி. உன் லைட்டுக்குப் போக வேண்டிய மூணு வோல்ட்டை வழியிலேயே எவனோ தின்னுட்டான்" என்றார். இரண்டு லைட்டுக்கும் சேர்த்து ஆறேழு ஆம்பியர் ஓடும்போது மூன்று வோல்ட் தொலைகிறது என்றால் கிட்டத்தட்ட இருபது வாட் வயரிலேயே சூடாக மாறுகிறது. ஈயம் உருக்குகிற ஒரு சின்ன சால்டரிங் அயனை டேஷ்போர்டுக்குள் செருகி வைத்த மாதிரி. ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டேன். இந்த வண்டியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ், முன் லைட் இரண்டிலும் சேராது. சேர்ந்திருந்தாலும் போயிருக்காது, ஏனென்றால் மோசமான மூட்டு கரண்டைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். ஃபியூஸ் பாட்டுக்குச் சும்மா இருக்கும், மூட்டு பாட்டுக்கு வேகும்.

பிறகு டேப்பைப் பிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. "முழுசும் புதுசு" என்று காசு வாங்கியது பொய். வெளியே தெரிகிற முனைகளில் மட்டும் புது வயர், உள்ளே அப்பா காலத்து வயர் அப்படியே கிடக்கிறது. சாணுக்கு ஒரு இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பழைய வண்டிக்கு ஒரு வண்ணக் கணக்கு உண்டு: பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை ஃபியூஸைத் தாண்டி வருவது, நீலம் முன் லைட், கறுப்பு எர்த். பட்டறைக்காரர் வைத்த புது வயர் எல்லாமே சிவப்பு. முன் லைட்டுக்குப் போனது ஸ்பீக்கருக்குப் போடுகிற ஒல்லி வயர்.

இப்போது அந்த ஈயக் கதைக்கு வருகிறேன். ஈயம் வைத்த மூட்டுகளில் பாதி பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் பசைக்கு ஃபிளக்ஸ் என்று பெயர். வயருக்குரிய ரெசின் ஃபிளக்ஸுக்குப் பதிலாக, தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற ஆசிட் ஃபிளக்ஸைத் தடவியிருக்கிறார். அது செம்பை உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும், நம் ஊர்க் கடல்காற்றும் ஈரமும் அதற்குத் துணை. மீதி மூட்டுகள் பார்க்கப் பளபளவென்று இருந்தன, ஆனால் பெரியவர் இரண்டு விரலால் ஆட்டியதும் இரண்டு ஒடிந்தே விழுந்தன. உருகிய ஈயம் வயருக்குள் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி மேலே ஏறும். ஏறின இடம் வரைக்கும் வயர் ஆணி மாதிரி விறைத்துவிடும், அதற்கு மேல் வயர் வளையும். வண்டியின் நடுக்கம் முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் வந்து விழும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போம் இல்லையா, அதேதான், மெதுவாக நடக்கிறது.

அப்படியானால் நசுக்கின கிளிப்தான் (கிரிம்ப் என்பார்கள்) நல்லதா என்றால், இவர் நசுக்கினதும் அதே லட்சணம். சாதாரண பிளையரால் அமுக்கியிருக்கிறார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வயர் தடிமனுக்கு ஏற்ற கிளிப் இருக்கும்போது, ஒல்லியோ தடியோ எல்லாவற்றுக்கும் நீலம். சில இடத்தில் இன்னும் கொடுமை: வயர் நுனியில் முதலில் ஈயம் பூசிவிட்டு, அதற்கு மேல் கிளிப்பை நசுக்கியிருக்கிறார். இரட்டைப் பாதுகாப்பு என்ற நினைப்பு போல. ஈயம் மென்மையான உலோகம், அழுத்திக்கொண்டே இருந்தால் நாளாக ஆக நசுங்கி இடம் விட்டுவிடும், பிடி தானாகத் தளரும், சூடு ஏறும். என் வண்டியில் கருகிய மூட்டும் அந்த ரகம்தான்.

பெரியவர் தன் கருவியைக் காட்டினார். கடைசி வரை அழுத்தி முடிக்காமல் வாயைத் திறக்காத ரகம், பாதியில் விட முடியாது. இரண்டு ஜோடி இறக்கை வைத்த திறந்த கிளிப்பில் ஒரு ஜோடி செம்பைப் பிடிக்கிறது, இன்னொன்று மேல்தோலைப் பிடிக்கிறது, அதனால் ஆட்டம் செம்புக்குப் போவதில்லை. ஒரு மாதிரி மூட்டை எனக்காகவே ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். உள்ளே இழைகள் தேனடை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கி, ஊசி நுழைய இடமில்லை. காற்று போகாத இடத்தில் களிம்பு எங்கே வரும்? ஆனால் அவர் ஈயத்துக்கு எதிரி இல்லை. இந்த வண்டிகளில் வயர் நுனியில் தோட்டா வடிவில் வரும் புல்லட் முனைகளில் சிலவற்றுக்கு அவரே ஈயம்தான் வைத்தார், ரெசின் ஃபிளக்ஸோடு, சூட்டை நீட்டாமல், பின்னால் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு வயரைத் தாங்கவைத்து. "ஈயமும் தப்பில்ல, கிரிம்பும் தப்பில்ல தம்பி. வச்ச கைதான் தப்பு."

உங்கள் வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கருவியைக் கண்ணால் பாருங்கள், ஒரு மூட்டை உங்கள் எதிரில் போடச் சொல்லி நன்றாக இழுத்துப் பாருங்கள். டேப் சுற்றுவதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லி, போய் போட்டோ எடுங்கள். மாட்டேன் என்று இழுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பட்டறைக்காரரிடம் திரும்பப் போனேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் பாஸ்" என்று சொல்லி 150 வெள்ளியை நீட்டினார். வாங்கவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் பதிந்திருக்கிறேன். கட்டணம் வெறும் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்க அங்கே அனுமதி இல்லை, அதனால் அவரும் நானும் நேருக்கு நேர்தான். ரசீது இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் "முழு வயரிங் புதுசு 2,400" என்று அவரே எழுதியது இருக்கிறது, வங்கிக் கணக்கில் அனுப்பியதும் இருக்கிறது. வெட்டி எடுத்த மூட்டுகளைப் பெரியவர் ஒரு மைலோ டின்னில் போட்டுக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 61. விசாரணை அடுத்த மாதம், டின்னையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.