சட்டமன்றமா, நாடாளுமன்றமா: பினாங்கில் யாரிடம் போவது?

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பலருக்கும் இந்தக் குழப்பம். "வைபி" (மக்கள் பிரதிநிதி) என்றால் எந்த வைபி? பினாங்கில் சட்டமன்றத் தொகுதி 40, நாடாளுமன்றத் தொகுதி 13.

எதற்கு?
சட்டமன்ற உறுப்பினர்: நிலம், வடிகால், குப்பை, தெருவிளக்கு, மாநில அரசின் உதவித்தொகை.
நாடாளுமன்ற உறுப்பினர்: குடியுரிமை, மைகார்டு (அடையாள அட்டை), போலீஸ், அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம்.

எது சுலபம்?
சட்டமன்றத் தொகுதி சிறியது. சேவை மையம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அடைபட்ட சாக்கடைக்கு மாநகர் மன்றத்தை நெருக்கவும் இவரே பொருத்தம். நாடாளுமன்ற உறுப்பினர் கூட்டத்தொடர் நாள்களில் கோலாலம்பூரில் இருப்பார். அப்போது அவருடைய உதவியாளரிடம் மனுவைக் கொடுங்கள்.

செலவு?
இரண்டுமே இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குடியுரிமைச் சிக்கல்தான் நம் குடும்பங்களை அதிகம் வாட்டுகிறது. அடையாள அட்டை இல்லாமல் பிள்ளை வளர்வது பெரிய கொடுமை. இதற்குச் சட்டமன்ற உறுப்பினரிடம் அல்ல, நாடாளுமன்ற உறுப்பினரிடம் போங்கள். ஆனால் அவர் கடிதம் விண்ணப்பத்துக்கு ஈடாகாது. முதலில் தேசியப் பதிவு இலாகாவில் மனு போட்டு, ரசீது நகலோடு போங்கள்.