கிராண்ட் விட்டாரா: ஒரு பெயர், இரண்டு ஹைபிரிட்

2022 செப்டம்பரில் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவை ஷோரூமில் போய்க் கேட்டால், “எல்லாமே ஹைபிரிட்தான் சார்” என்பார்கள். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்த வண்டி. சொல் ஒன்றுதான், வண்டி இரண்டு. இது தெரியாமல் முன்பணம் கட்டுகிறவர்கள் ஏராளம்.

குறைந்த விலையில் கிடைப்பது மைல்ட் ஹைபிரிட். 1462 சிசி, நான்கு சிலிண்டர், 103 பிஎஸ் சக்தி. வழக்கமாகக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் ஐஎஸ்ஜி என்ற மோட்டார், பெல்ட் வழியாக இன்ஜினோடு இணைந்திருக்கும். சிக்னலில் அணைந்த இன்ஜினை எழுப்பும், கிளம்பும்போது லேசாகக் கைகொடுக்கும், பிரேக் பிடித்தால் கொஞ்சம் கரண்ட் சேர்க்கும். பேட்டரி 12 வோல்ட், 6 ஆம்பியர் மணி. பெருக்கினால் 72 வாட் மணி. மின்சாரத்தில் மட்டும் இந்த வண்டி ஒரு அடிகூட நகராது.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் இன்ஜினும் மோட்டாரும் டொயோட்டாவுடையவை. 1490 சிசி, மூன்று சிலிண்டர், 92 பிஎஸ். மோட்டார் 80 பிஎஸ். இரண்டையும் கூட்டினால் 172 வர வேண்டுமே, ஏன் 116 என்கிறார்கள்? பேட்டரி 0.76 கிலோவாட் மணிதான். மோட்டார் கேட்கிற அளவுக்கு அதனால் ஒரே நேரத்தில் கொட்ட முடியாது. முழுதும் மின்சாரத்தில் ஓடினால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தாண்டுவதே பெரிது. ஆனால் அது பெரிய பேட்டரியாக இருக்கத் தேவையும் இல்லை. பிரேக்கில் வீணாகும் சக்தியைப் பிடித்து அடுத்த நிமிடமே செலவழிப்பதுதான் அதன் வேலை. பிளக் கிடையாது, சார்ஜ் போடும் கவலையும் கிடையாது.

நம் வெயிலுக்கு முக்கியமான வித்தியாசம் ஏசியில் இருக்கிறது. மைல்ட் வகையில் கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுகிறது. சிக்னலில் இன்ஜின் அணைந்தால் காற்று மட்டும் வரும், குளிர்ச்சி போய்விடும். சற்று நேரத்தில் இன்ஜின் தானே எழுந்துகொள்ளும். ஸ்ட்ராங்கில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் நிற்காது. இதில் ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்: நீண்ட சிக்னலில் ‘என்’னில் போடுவது. நியூட்ரலில் ஜெனரேட்டர் வேலை செய்யாது, ஏசியோ பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ‘டி’யில் பிரேக்கை மிதித்து நில்லுங்கள், நேரமாகும் என்றால் பார்க்கிங் நிலையான ‘பி’யில் (P) போடுங்கள்.

மலை இறக்கத்தில் வேறொரு சங்கதி. நாலு பேரோடு 1,550 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கணக்குப்படி 0.4 கிலோவாட் மணிக்கு மேல் சக்தி வெளிப்படும். அதில் ஒரு பகுதிதான் பேட்டரிக்குள் போகும் என்றாலும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கால்வாசி முடிவதற்குள் அது நிரம்பிவிடும். அதன் பிறகு வண்டி இன்ஜினைச் சுழற்றி வேகத்தைக் குறைக்கும். உறுமல் கேட்டுப் பயப்பட வேண்டாம். லீவரை ‘டி’க்குக் கீழே ‘B’ என்று போட்டிருக்கும் பிரேக் நிலையில் வைத்து இறங்கினால் பிரேக் பேட் அதிகம் சூடேறாது.

ஸ்ட்ராங்கில் அடிக்கடி வரும் கோளாறு பெரிய பேட்டரியில் இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரியில். மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் அது இறங்கிவிடலாம். கம்ப்யூட்டர் எழாது, பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி கிளம்பாது. வாரம் ஒருமுறை ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையில் அரைமணி நேரம் விடுங்கள். இக்னிஷனை மட்டும் போட்டுப் பாட்டுக் கேட்டால் நிலைமை மோசமாகும்.

காசு கணக்குக்கு வருவோம். அறிமுக விலையில் ஆட்டோமேட்டிக் மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் ஒரே தரத்தில் 2.60 லட்சம் வித்தியாசம். கம்பெனி சொல்லும் மைலேஜ் 20.58, 27.97. லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு மிச்சம் 1.28 ரூபாய், போட்ட பணம் திரும்ப இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். நெரிசலில் மைல்ட் 12, ஸ்ட்ராங் 22 தருவதாக வைத்தால் 69,000 கிலோமீட்டரில் கணக்கு நேராகும். ஆகவே பைபாஸிலேயே ஓடுகிறவருக்கு ஸ்ட்ராங் வீண் செலவு. தினமும் கிண்டியில் ஊர்கிறவர் யோசிக்காமல் வாங்கலாம்.

பிளக்-இன் ஹைபிரிட் இரண்டுக்கும் அடுத்த படி: பிளக்கில் சார்ஜ் போட்டுப் பல கிலோமீட்டர் மின்சாரத்திலேயே போகலாம். இந்தியாவில் அது பெரும்பாலும் சொகுசுக் கார்களில்தான். முழு மின்சார வண்டி வேறு ஜாதி. டாடா நெக்ஸான் இவியின் 45 கிலோவாட் மணிப் பேட்டரி ஸ்ட்ராங்கின் பேட்டரியைப் போல சுமார் 60 மடங்கு. 15 ஆம்பியர் பிளக்கில் காலியிலிருந்து முழுதும் நிரம்ப ஒரு இரவுக்கு மேலேயே ஆகும். சொந்தப் பார்க்கிங்கில் பிளக் இருக்கிறவருக்கு அதுதான் மலிவு. நம்பர் பிளேட்டும் பச்சை; ஹைபிரிட் எதுவானாலும் வெள்ளைதான்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். மைல்டின் டிக்கி 373 லிட்டர். ஸ்ட்ராங்கில் பேட்டரி இடத்தை அடைத்துக்கொள்வதால் 265தான், தரையும் சமமாக இருக்காது. பெரிய பெட்டி இரண்டு உள்ளே போகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.