ட்ரைவ் டெஸ்டா, ப்ளானிங் டூலா, தானியங்கியா: வாவிக்கரைக்கு எது சரிவரும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேலே கல்லடிப் பாலத்தில் நின்று போனைப் பார்த்தால் சிக்னல் கட்டைகள் முழுசாக நிற்கும், வீடியோ கோல் எடுத்தால் எதிரே கதைப்பவர் வாய் திறந்தபடி உறைந்துபோவார். தண்ணீருக்கு மேலே மறிக்க மரமுமில்லை மதிலுமில்லை, வாவிக்கு மேற்கே படுவான்கரை டவரும் டவுன் டவரும் காத்தான்குடிப் பக்கத்து டவரும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் வந்து சேர, ஒன்றுக்கொன்று இடைஞ்சல். இதைச் சரிக்கட்ட நம்மிடம் இருப்பது மூன்று வழி.

முதலாவது ட்ரைவ் டெஸ்ட், ஓடிக்கொண்டே சிக்னலை அளப்பது. வான் ஒன்று, டெஸ்ட் போன்கள், ஜிபிஎஸ், மடியில் லெப்டொப். அளந்தது அளந்ததுதான், பொய் சொல்லாது. ஆனால் ரோட்டில் மட்டும்தான் அளக்கும். காத்தான்குடி ஒழுங்கைகளுக்குள் வான் போகாது, வாவியில் வள்ளத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை, வீட்டுக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பவரின் கதையும் அதில் வராது.

இரண்டாவது ப்ளானிங் சொஃப்ட்வெயார். மெப்பை ஏற்றி, டவர் உயரம், ஆண்டெனா திசை, டில்ட் (ஆண்டெனா முகம் கீழே சாயும் கோணம்) எல்லாம் கொடுத்தால் கவரேஜைக் கலர் கலராக வரைந்து தரும். 20 டவர், டவருக்கு 3 செக்டர் (ஒவ்வொரு திசைக்கும் ஓர் ஆண்டெனா), செக்டருக்கு 10 டில்ட் என்று வைத்தாலே 1-க்குப் பின்னால் 60 பூச்சியம் போடுமளவு சேர்க்கைகள் வரும். மெஷினும் அத்தனையையும் பார்ப்பதில்லை, நல்ல சேர்க்கைகளைக் கலந்து கலந்து மேலும் நல்லதைத் தேடும் மரபணு முறை மாதிரியான தேடல்களில் ஓரளவு நல்ல விடையாகப் பிடித்துத் தருகிறது, அதுவே மனிதனால் முடியாத காரியம். கோளாறு வேறு இடத்தில். இந்த மாதிரி டூல்களில் சிக்னல் தூரத்தோடு எவ்வளவு குறையும் என்று கணக்கிடப் பரவலாகப் பாவிக்கும் ஹாட்டா சூத்திரம் 1980-இல் வந்தது, அதற்கு அடித்தளம் ஒக்குமுறா டோக்கியோப் பக்கம் எடுத்த அளவுகள். அது 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், பிறகு கொஸ்ட் 231 என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் அதை 2000 வரை நீட்டியது. டோக்கியோக் கட்டடங்களுக்குப் பொருந்தினதை வாவிக்கு அப்படியே போட்டால், சிக்னல் கரையோடு நின்றுவிடும் என்று மெப் சொல்லும், அது அக்கரைக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது தானியங்கி, நெட்வேர்க் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் முறை, ஃபீல்டில் நாங்கள் ‘சொன்’ (SON) என்போம். 4ஜியோடு, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 8-ஆவது வெளியீட்டில் வந்தது. ஒரு செக்டர் மூடும் பரப்பைச் செல் என்போம்; நகரும் போனை எந்தெந்தப் பக்கத்துச் செல்லுக்குக் கைமாற்றலாம் என்ற அயல் செல் பட்டியலை அதுவே எழுதும். முன்பெல்லாம் இதைக் கையால் எழுதி ஒன்றை மறந்துவிட்டு, குறிப்பிட்ட வளைவில் மட்டும் கோல் அறுகிறதே என்று மண்டையைப் பிய்த்ததுண்டு. செல்லுக்கான அடையாள எண் 4ஜியில் 504 மட்டுமே, அதைத் திரும்பத் திரும்பப் பங்கிடும்போது பக்கத்துச் செல்கள் இரண்டுக்கு ஒரே எண் விழாமல் பார்ப்பதும் அதன் வேலை. இந்த இரண்டிலும் அதனோடு எனக்குச் சண்டையே இல்லை.

டில்ட்தான் பிரச்சினை. ஒரு மாரியில் கரண்ட் போய் டவர் ஒன்று வேலை செய்யாமல் நின்றுவிட்டது. சிக்னல் இல்லாமல் போன இடத்தை நிரப்பப் பக்கத்துச் செக்டரின் முகத்தைத் தானியங்கி மேலே தூக்கியது, நல்ல காரியம்தான். கரண்ட் வந்த பிறகு இறக்க மறந்துவிட்டது, அதைப் பார்க்க அங்கே ஆளும் இல்லை. இரண்டு கிழமை கழித்து பதிவுகளைத் (லொக்) திறந்தால், டவருக்கும் போனுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் டைமிங் எட்வான்ஸ் 110 என்று நிற்கிறது. ஒரு படி சுமார் 78 மீட்டர், ஆகவே எட்டரைக் கிலோமீற்றருக்கு அப்பால், தண்ணீரைத் தாண்டி, யாரோ எங்கள் டவுன் செல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறார். டில்ட்டை 2 பாகை இறக்கினோம், சரியாயிற்று.

அதனால் என் கட்சி இது: அயல் பட்டியலையும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு தானியங்கியிடம் கொடுங்கள். டில்ட்டைக் கொடுத்தாலும் மேலேயோ கீழேயோ 2 பாகைக்கு மேல் போகாதபடி பூட்டிக் கொடுங்கள். ப்ளானிங் டூலை வாங்கிய கையோடு கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இரண்டு நாள் வான் ஓட்டி, அந்த அளவை வைத்துச் சூத்திரத்தைத் திருத்துங்கள். அம்பாறையில் இங்கினியாகலை மலைப்பக்கம் என்றால் நில உயர மெப்பே பாதி வேலையை முடித்துவிடும், வானுக்கு அங்கே ரோட்டும் குறைவு.

மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டும் நான் தானியங்கியின் பக்கம். சனம் சில மணித்தியாலம் நெருக்கிவிட்டுக் கலைந்துவிடும், வானில் அளந்து அறிக்கை எழுதி முடிப்பதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறும் சாப்பிட்டிருப்பார்கள். பாரத்தைப் பக்கத்துச் செல்களுக்குப் பிரித்துவிட அதுதான் தோது. அதற்கும் மேலே சனம் கூடினால் லொறியில் நடமாடும் டவர் கொண்டுவர வேண்டும், அதை எந்த மூலையில் நிறுத்துவதென்று கோயில் ஆட்களிடம் போய்க் கேட்பது நாங்கள்தான்.